யார் யாரைக் கேட்கிறார்கள்?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மலேசியாவில் இருப்பவர்களுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும், கனடாவில் இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு இங்கே லண்டனில் மாலை. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நைட் டூட்டிக்குக் கிளம்ப வேண்டும்.

என் சிறுகதைகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கேட்டார்கள். அதற்குப் பதிலாக இணைந்த அலைவுகளின் ஒத்திசைவு பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் நர்சிங் டிப்ளமோ படித்தவள். கணிதத்தை பிளஸ் டூவோடு விட்டவள். இந்தக் கட்டுரைகளை எல்லாம் நைட் டூட்டி இடைவேளையில், சமன்பாடுகளைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். சமன்பாட்டைத் தாண்டினாலும் படங்கள் இருக்கும். புள்ளிகள், புள்ளிகளுக்கு இடையே அம்புகள். அந்த அம்புகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன.

இந்தக் கதை படுக்கையில் கிடந்த ஒரு நோயாளியிடமிருந்துதான் தொடங்குகிறது. 1665 பிப்ரவரி. ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தார். ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் அவர். கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்கிட, தவறாத கடிகாரம் வேண்டியிருந்தது. அதற்காகச் செய்த இரண்டு கடிகாரங்கள் அவர் அறையில் அருகருகே தொங்கின. வேறு வேலை இல்லாததால் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஊசல் இடப்பக்கம் போகும்போது மற்றது வலப்பக்கம் போகிறது. கலைத்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் மறுபடி அதே ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. காற்று வழியாக ஒன்றையொன்று தொடுகிறதோ என்று முதலில் நினைத்தார். பிறகுதான், இரண்டும் ஒரே தாங்கலில் தொங்குகின்றன, கண்ணுக்குத் தெரியாத அதன் மெல்லிய அசைவு வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன என்று புரிந்தது. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

நோயாளிகள் படுத்துக்கொண்டு எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று நர்ஸ்களுக்குத்தான் தெரியும். எந்தச் செருப்புச் சத்தம் யாருடையது, எந்த மருந்து தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறது, எல்லாம் சொல்வார்கள். நாம்தான் காது கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு முந்நூறு வருடம் இந்த விஷயம் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டே இருந்தது. 1967இல் அமெரிக்காவில் ஆர்தர் வின்ஃப்ரீ, உயிர்களின் தாளங்களை ஒன்றோடொன்று இணைந்த பெரிய கூட்டமாகப் பார்க்கலாம் என்று எழுதினார். 1975இல் ஜப்பானில் யோஷிகி குராமோட்டோ அதை எளிமையான ஒரு மாதிரியாக மாற்றினார். அதன் சாரம் இதுதான். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வேகம் உண்டு. கூடவே மற்றவர்களைப் பார்த்துத் தன்னைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளும் குணமும் உண்டு. அந்தக் குணம் ஒரு எல்லைக்குக் கீழே இருக்கும்வரை கூட்டம் கூட்டமாகவே இருக்கும். எல்லையைத் தாண்டியதும் ஒரு பகுதி சேர்ந்து நகரத் தொடங்கும். கட்டளை போட ஒருவரும் தேவையில்லை. கோலாலம்பூர் நண்பர்கள் கோலசிலாங்கூர் ஆற்றோரம் படகில் போயிருப்பீர்கள். பெரெம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் சேர்ந்து மின்னுமே, அதுவும் இந்த வகைதான். நான் இன்னும் பார்த்ததில்லை, யாராவது கூப்பிட்டால் வருவேன்.

கைதட்டலும் அப்படித்தான். 2000இல் கிழக்கு ஐரோப்பிய அரங்குகளில் கைதட்டலைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். முதலில் மழை மாதிரிச் சடசடவென்று வரும். பிறகு எல்லோரும் தங்கள் வேகத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைப்பார்கள். குறைத்ததும் ஒன்றாகச் சேர்வார்கள். ஆனால் மொத்தச் சத்தம் குறைந்துவிடும். சத்தம் போதவில்லையே என்று வேகத்தைக் கூட்டுவார்கள், கூட்டியதும் ஒழுங்கு குலைந்துவிடும். ஒத்திசைவுக்கு விலை உண்டு என்பதை நான் முதலில் படித்தது அங்கேதான்.

இனி என் இடத்துக்கு வருகிறேன். இதயம்.

வலது மேலறையின் சுவரில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. அதில் சுமார் 10,000 செல்கள் தாமாகத் துடிக்கின்றன. அவற்றில் தலைவர் யாரும் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைக் கேட்டு, தானும் சொல்லி, ஒரே துடிப்பாகச் சேர்கின்றன. அங்கே அம்பு இருபக்கமும் போகிறது. ஆனால் அந்தத் துடிப்பு மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு இறங்கும் பாதை சாதாரணமாக ஒருவழிப் பாதை. நடுவில் ஏ.வி. கணு என்று ஒரு வாசல். வருகிற செய்தியை அது உடனே விடாது, சற்று நிறுத்திவைத்து விடும். மேலறை துடிக்கத் தொடங்கி கீழறை துடிக்கத் தொடங்கும்வரை 0.12 முதல் 0.20 நொடி. ஈசிஜி தாளில் மூன்றிலிருந்து ஐந்து சிறு கட்டம். மேலறை தன் ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்த இடைவெளி வேண்டும். எல்லாம் ஒரே கணத்தில் துடித்தால் அது ஒத்திசைவு இல்லை, விபத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். கீழே இருப்பவர்களும் ஊமைகள் இல்லை. சைனஸ் கணு நிமிடத்துக்கு 60 முதல் 100. அது நின்றுபோனால் ஏ.வி. கணுப் பகுதி 40 முதல் 60 வரை துடிக்கும். அதுவும் இல்லையென்றால் கீழறைகளே 20 முதல் 40 வரை சமாளிக்கும். வேகமானவர் பேசிக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மயங்கி மயங்கி விழுகிறார். மானிட்டரில் மேலறை 90 ஓடுகிறது, கீழறை 34. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. முழுமையான இதய அடைப்பு என்போம். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. இங்கே அறுந்தது செய்தி இறங்கும் வழி. மேலறையும் கீழறையும் தனித்தனியாக ஒழுங்காகத்தான் துடிக்கின்றன. நடுவில் அந்த ஒரு அம்பு இல்லை.

நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் கேட்டார், "பிள்ளை, என்ன நடக்குது எண்டு வடிவா ஒருக்கால் சொல்லும்." சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேல ஒரு கணக்கு, கீழ ஒரு கணக்கு எண்டால் வீடு எப்பிடிப் பிள்ளை நடக்கும்?" என்றார். மகன் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலும் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மறுநாள் அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இரட்டை அறைப் பேஸ்மேக்கர். ஒரு கம்பி மேலறையில், இன்னொன்று கீழறையில். மேலறை துடித்தால் அது கேட்கும். சற்றுப் பொறுக்கும். அதற்குள் கீழறை தானாகத் துடித்துவிட்டால் பேசாமல் இருந்துவிடும். துடிக்காவிட்டால் மட்டும் தட்டும். அறுந்த அம்பு இருந்த இடத்தில் ஒரு புது அம்பு. முழு வலையையும் யாரும் திருத்தவில்லை, ஒரே ஒரு இணைப்பைப் போட்டார்கள். ஆனால் சரியான இடத்தில், சரியான திசையில், சரியான தாமதத்தோடு.

கணிதக்காரர்கள் தேடுவதும் அதைத்தான். கையில் இவ்வளவுதான் இணைப்பு இருக்கிறது, எப்படிப் போட்டால் கூட்டம் நன்றாக ஒத்திசையும்? இணைப்பை அதிகமாக்கினால் ஒத்திசைவும் அதிகமாகும் என்றுதானே நமக்குத் தோன்றும்? அப்படி இல்லை. 2012இல் விட்ஹவுட், டிம்மே என்ற இருவர், மின்சார வலைகளைக் கணக்கிட்டுப் பார்த்து, புதிதாக ஒரு கம்பி இழுப்பதாலேயே சில நேரம் வலையின் ஒத்திசைவு குலையலாம் என்று காட்டினார்கள். 2014இல் ஸ்கார்டால், டெய்லர், சன் என்ற மூவர் இன்னொன்று சொன்னார்கள். ஆட்களின் சொந்த வேகங்கள் வேறுவேறாக இருந்தால், வேகமானவருக்குப் பக்கத்தில் மெதுவானவரை வைப்பது நல்லது. நடுநிலையிலிருந்து மிகவும் விலகியவர்களை அதிக இணைப்புள்ள இடத்தில் வைப்பது நல்லது. 2016இல் இதை ஒருவழி அம்புகள் உள்ள வலைகளுக்கும் விரித்தார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வார்டில் டூட்டி ரோஸ்டர் போடுகிற எல்லாச் சிஸ்டர்களுக்கும் தெரிந்த விஷயம் இது. பறக்கிறவள் இரண்டு பேரைச் சேர்த்துப் போட்டால் வார்டு தாங்காது. தனியாளை மூலையில் போட்டால் அவள் தன் போக்கில் போய்விடுவாள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்த கட்டுரை வேறு. 2006இல் நிஷிகாவா, மோட்டர் என்பவர்கள் எழுதியது. எல்லா அலைவுகளும் ஒரே மாதிரியானவை என்று வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த செலவில் மிக நன்றாக ஒத்திசையும் வலை எது என்று தேடினார்கள். கிடைத்தது ஒரு மரம். உச்சியில் ஒருவர். அவரிடமிருந்து அம்புகள் கீழே மட்டும் போகின்றன. திரும்பி மேலே ஒன்றும் வருவதில்லை. சுற்றுப்பாதையே இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரை மட்டும் கேட்டால் போதும்.

ஊரடங்குக் காலத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவுக்கு இது அப்படியே நடந்தது. ஜூமில் சேர்ந்து பாடப் பார்த்தோம். என் குரல் உங்களுக்குத் தாமதமாக வரும். நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்கள். உங்கள் குரல் எனக்கு அதைவிடத் தாமதமாக வரும், நான் உங்களுக்காகக் காத்திருப்பேன். இப்படி ஒருவருக்காக ஒருவர் காத்து, இரண்டாம் சரணம் வருவதற்குள் பாட்டு ஜெபமாகிவிட்டது. கடைசியில் ஆர்கன் வாசிக்கும் தம்பிதான் வழி கண்டான். "அக்கா, நான் வாசிக்கிறேன். எல்லாரும் மைக்கை அணைச்சிட்டு என்னைக் கேட்டுப் பாடுங்க" என்றான். பாடினோம். அவன் ஒருவனோடு ஒவ்வொருவரும் சேர்ந்துதான் பாடினோம். ஆனால் யாரும் யாரையும் கேட்கவில்லை. என் சமையலறையில் நான் ஆல்டோவைத் தனியாகப் பாடிக்கொண்டு நின்றேன். சரியாகத்தான் பாடினேனா என்று இன்றுவரை தெரியாது. தவறிப் பாடியிருந்தாலும் சொல்ல ஆள் இல்லை.

இப்போதும் அதே நிலைதான், பாருங்கள். நான் பேசுகிறேன், உங்கள் மைக் எல்லாம் அணைந்திருக்கிறது. நீங்கள் சிரித்தீர்களா, எழுந்து போய்விட்டீர்களா, எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மரத்தைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது இன்னொரு அறை. ஊரும் வேண்டாம், நாடும் வேண்டாம். லண்டனுக்கு வருவதற்கு முன்பு. ஒரு நோயாளிக்கு இதயம் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்க முடிவு செய்தார்கள். இந்த அதிர்ச்சியை நினைத்த நேரத்தில் கொடுக்கக் கூடாது. துடிப்பின் உயர்ந்த முனையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். சற்றுத் தள்ளி, கீழறைகள் மீண்டுகொண்டிருக்கும் நொடியில் விழுந்தால் இதயம் துடிப்பை விட்டு வெறும் நடுக்கத்துக்குப் போய்விடலாம். அதற்காகவே கருவியில் 'சிங்க்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு முனை மேலும் ஒரு சிறு அடையாளம் விழும். கருவி இதயத்தைக் கேட்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

முதல் அதிர்ச்சி சரியாகப் போனது. பலன் இல்லை. அளவைக் கூட்டினார்கள். பல கருவிகளில் ஒரு அதிர்ச்சி முடிந்ததும் சிங்க் தானாக அணைந்துவிடும், திரும்ப அழுத்த வேண்டும். திரையைப் பார்த்தேன். அடையாளங்கள் இல்லை. மருத்துவர் கை பொத்தான் மேல் இருந்தது. "சார், சிங்க்" என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. யாரும் திரும்பவில்லை. கையை நீட்டி நானே அழுத்திவிட்டேன். அடையாளங்கள் விழுந்தன. அதிர்ச்சி போனது. தாளம் திரும்பியது.

சாயங்காலம் கூப்பிட்டு விசாரித்தார்கள். சிங்க் அணைந்திருந்ததைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. டிப்ளமோ படித்த நர்ஸ், மருத்துவர் நிற்கும்போது கருவியை எப்படித் தொடலாம் என்பதுதான் கேள்வி. நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதியும் கொடுத்தேன்.

அதன் பிறகு ஆறு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அந்த வார்டு ரொம்ப ஒழுங்காக ஓடியது. காலை ரவுண்டில் ஒரு முணுமுணுப்பு கிடையாது. யாராவது வெளியிலிருந்து பார்த்தால், அடடா, என்ன ஒத்திசைவு என்பார்கள். அந்த நாட்களில், நான் பார்த்தும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நிஷிகாவாவும் மோட்டரும் சொன்னதில் தவறு இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு மரம்தான் சரியான விடை. எல்லோரும் ஒன்றாவது எப்படி என்று கேட்டார்கள். உச்சியில் இருப்பவர் பிசகினால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி இல்லை. அப்போதும் எல்லோரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள். ஒன்றாகப் பிசகுவார்கள். இதயம் உச்சியில் ஒரே ஒரு செல்லை வைக்காமல், ஒன்றையொன்று கேட்கும் பத்தாயிரம் செல்களை வைத்திருப்பதை நான் அதோடு சேர்த்து யோசிக்கிறேன். இது என் யோசனைதான், அறிவியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல அடுக்கு வலை என்று ஒன்று சொல்கிறார்கள். அதே ஆட்கள், ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் அம்புகள் வேறு. வார்டில் டூட்டி அடுக்கில் எனக்கு மேலே இருப்பவர், நோயாளியின் மொழி தெரிந்தவர்கள் என்ற அடுக்கில் எனக்குக் கீழே வந்துவிடுவார். பெரியவர் விஷயத்தில் நடந்தது அதுதான். அவர் இரவில் இரண்டு முறை கண் இருட்டியதை ஆங்கிலத்தில் கேட்டவர்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். இந்த வார்டில் அதை மேலே கொண்டுபோக வழி இருந்தது. போனது.

உடம்புக்குள்ளும் அடுக்குகள் உண்டு. இது எங்கள் தொழிலின் சொந்த வியாதி, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். மூளையில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்த ஒரு கடிகாரம் இருக்கிறது. தானாக விட்டால் அது நமக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் அதிகமாக ஓடும். தினமும் வெளிச்சம்தான் அதைத் திருத்துகிறது. சூரியன் நம்மைத் திருத்தும், நாம் சூரியனைத் திருத்த முடியாது. ஒருவழி அம்பு என்றால் அதுதான். ஆனால் ஈரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அது சாப்பாட்டு நேரத்தையும் கேட்கும். இரவில் உண்ணும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டுப் பார்த்தார்கள். ஈரல் கடிகாரம் தலைகீழாகிவிட்டது, மூளைக் கடிகாரம் இருந்தபடியே இருந்தது. ஒரே உடம்பில் இரண்டு ஊர் நேரம்.

இரவு ஏழரைக்கு ஏறி காலை எட்டுக்கு இறங்கும் எங்களுக்கு அந்த எலியின் நிலைதான். ராத்திரி இரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்து புளிச்சோறு சாப்பிடுகிறோம். காலையில் வெளிச்சத்தில் பஸ்ஸில் வீடு திரும்புகிறோம். கண்ணுக்கு ஒரு சேதி, வயிற்றுக்கு ஒரு சேதி. இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், அநேகமாக என்ற பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி பார்த்துவிட்டு அங்கேயே வைத்தது. எங்கள் ஓய்வறைச் சுவரில் கையைக் கழுவுவது பற்றி நான்கு சுவரொட்டிகள் இருக்கின்றன, இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

எனக்கு மூன்றாவது அடுக்கும் ஒன்று உண்டு. அம்மா. ஊரில் அம்மா விடியற்காலை நான்கரைக்கு எழுந்து ஜெபம் பண்ணுவார்கள். குளிர்காலத்தில் அது எங்களுக்கு முந்திய இரவு பதினொன்று. முன்பெல்லாம் நான்தான் என் வசதிக்குக் கூப்பிடுவேன். டூட்டி முடிந்து காலை ஒன்பதுக்கு. அம்மாவுக்கு மதியம் இரண்டரை, தூங்குகிற நேரம். "இல்ல மக்களே, முழிச்சுத்தான் இருக்கேன்" என்பார்கள். வருடக்கணக்கில் அப்படியே சொன்னார்கள். நான் நம்பினேன். போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அடுத்த வீட்டு அக்கா சொன்னார், என் போன் தவறிவிடக் கூடாதென்று அம்மா மதியத் தூக்கத்தையே விட்டு நாலைந்து வருடம் ஆகிறது என்று. அம்மா தன் கடிகாரத்தை என் டூட்டி ரோஸ்டரோடு கட்டியிருந்தார்கள். அங்கிருந்து எனக்கு அம்பே இல்லை.

இப்போது டூட்டி இல்லாத இரவுகளில் பதினொரு மணிக்கு நான் கூப்பிடுகிறேன். கோடைக்காலத்தில் அது பன்னிரண்டாகிவிடும், பரவாயில்லை. அம்மா ஜெபம் முடித்திருப்பார்கள். வெளியே யாரோ முற்றம் பெருக்கும் சத்தம் போனில் கேட்கும். இப்போது அம்மாவே சில நாள், "ஓஃப் பண்ணு மக்களே, எனக்கு வேலை கெடக்கு" என்று வைத்துவிடுகிறார்கள்.

பெரியவரை டிஸ்சார்ஜ் செய்த அன்று நெஞ்சில் தையல் போட்ட இடத்துக்கு மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார், "பிள்ளை, இனி உதுக்குள்ள ஆர் பெரியாள்? நானோ, மிஷினோ?" நீங்கள்தான் ஐயா, மிஷின் நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பேசும் என்றேன். "அப்ப என்ர மனுசியை விட நல்லது" என்றார். அவர் மனைவி பக்கத்திலேயே பையோடு நின்றுகொண்டிருந்தார்.

நேரமாகிவிட்டது, நான் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு முன் பத்து நிமிடம் இருக்கிறது. எல்லோரும் மைக்கைத் திறங்கள். ஒரே நேரத்தில் பேசினால் குழம்பும், தெரியும். குழம்பட்டும்.